ஒற்றை ஆள் கயாக்

"இதிலை ரெண்டு பேர் இருக்கேலாதுதானே?" என்று கரோலினா மூன்றாவது தடவையும் கேட்டாள்.

நோர்வேஜிய மொழியில் அவள் கேட்டதைக் கடைக்காரப் பெண் தப்பாக எடுத்துக்கொண்டாள். புருஷனும் பெண்சாதியுமாகப் போக ஆசைப்படுகிறார்கள் என்று நினைத்து, சிரித்தபடி இரண்டு இருக்கைக் கயாக் ஒன்றைக் காட்டினாள்.

கரோலினா அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கணவன் சூசைரட்ணத்தின் பக்கம் திரும்பித் தமிழில் பொரிந்தாள். "பின் சீற் வெறுமையாக் கிடந்தா அதிலை ஆர் வந்து ஏறுவினமெண்டு எனக்குத் தெரியும். ஒற்றை ஆள் கயாக்தான் வேணும்."

"ஆர் வரப்போகினம்?"

"உங்கடை தம்பி."

சூசைரட்ணம் விலைச்சீட்டைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் மீன்பிடி ஊரான பேசாலையிலிருந்து இராமேஸ்வரத்துக்குத் தப்பிப் போன படகில் அண்ணனும் தம்பியும் ஒன்றாகத்தான் ஏறினார்கள். நடுக்கடலில் படகு கவிழ்ந்தது. கரை சேர்ந்தது ஒருவர்தான். தம்பி லூர்துவைக் கடல் கொண்டுபோய்விட்டது என்று கலியாணம் பேசிய அன்றே அவர் அவளிடம் சொல்லியிருந்தார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு நவம்பரிலும், மரித்தோர் தினப் பூசைக்கு லூர்துவின் பெயரைக் கொடுப்பவள் கரோலினாதான். அந்தப் பெயரை வாசிக்கிற நேரம் பார்த்துச் சூசைரட்ணம் எழுந்து கோவிலுக்கு வெளியே போய்விடுவார். பாவம், மனுசனுக்குத் தாங்க முடியவில்லை என்று ஒஸ்லோத் தமிழர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள்.

இத்தனை வருடமும் கடலில் கால் நனைக்காத மனிதர் இந்தக் கோடையில்தான், மீன் பிடிக்கப் போகவேணும் என்று ஒற்றைக் காலில் நின்றார். கேட்ட நாளிலிருந்து அவளுக்கு நித்திரை இல்லை. தண்ணீரில் போனவர்கள் துணைக்கு ஆள் தேடுவார்கள் என்பது அவளுடைய நம்பிக்கை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடலாம். புருஷனைப் பறிகொடுக்கப்போவது நாமா என்ன?

கடைக்காரப் பெண் பொறுமைசாலி. நீளமாய் ஒடுங்கியது வேகமாகப் போகும், ஆனால் சரியும் என்றாள். மீன் பிடிக்கிறவருக்கு அகலமானதுதான் நல்லது. உள்ளே காலை நுழைக்காமல் மேலே உட்காருகிற வகையென்றால், புரண்டாலும் ஆள் சிக்கமாட்டார், திரும்ப ஏறிவிடலாம். "முதல் நாள் கரையோடு ஒட்டிப் போங்கள். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தைத் தாண்ட வேண்டாம்" என்றும் சொன்னாள்.

கடைசியில் பச்சை நிறத்தில் அகலமான ஒற்றை ஆள் கயாக் ஒன்று காரின் கூரையில் ஏறி, ஒஸ்லோவில் அவர்கள் குடியிருக்கும் புருசெத்துக்கு வந்து சேர்ந்தது.

அடுத்த சனிக்கிழமை காலை, பிக்டோய் கடற்கரை. செப்டெம்பர் மாதத்துக் குளிர். கரோலினா அவருக்கு மிதவை அங்கியை மாட்டி, பட்டிகளை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். போத்தலில் கொண்டுவந்த தீர்த்தத்தைக் கயாக்கின் முன்னும் பின்னும் தெளித்தாள்.

"கன தூரம் போகாதையுங்கோ."

"ஓம், ஓம்."

இருபக்கத் துடுப்பு அவருக்குப் புதிது. முதலில் மடி முழுக்கத் தண்ணீரை அள்ளி ஊற்றிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் கை பழகியது. பழைய கடற்காரனின் கை அல்லவா! அவர் தூண்டிலைப் போட்டதை அவள் கண்டாள். அதற்குப் பிறகு பனிப்புகார் வெள்ளையாக இறங்கி எல்லாவற்றையும் மூடிவிட்டது. கரையும் கடலும் தெரியவில்லை, ஆளையும் காணவில்லை.

"இஞ்சேருங்கோ! போதும், வாங்கோ!"

பதில் இல்லை. "இஞ்சேருங்கோ" என்றால் கடலுக்கு என்ன தெரியும்? கலியாணமாகிப் பதினொரு வருடத்தில் முதல் தடவையாக அவள் கணவனின் பெயரைச் சொல்லிக் கத்தினாள்.

"சூசைரட்ணம்! சூசை!"

துடுப்புச் சத்தம் கேட்டது. ஆனால் அது கரைக்கு வரவில்லை, தூரத் தூரப் போனது. அவள் இன்னும் பலமாகக் கத்தினாள். கத்தக் கத்த அந்தச் சத்தம் வேகம் பிடித்து வெளிக்கடல் பக்கமே போனது.

கரோலினாவுக்கு விளங்கிவிட்டது. லூர்துதான் இவரைக் கூட்டிக்கொண்டு போகிறான். இனி இவரைக் கூப்பிட்டுப் பயனில்லை என்று நினைத்தாள். சப்பாத்தோடு முழங்கால் தண்ணீரில் இறங்கி, செத்தவனிடமே கையெடுத்துக் கும்பிட்டாள்.

"லூர்து! எனக்கிருக்கிறது அவர் ஒராள்தான். அவரை விட்டிடு, ராசா! லூர்து!"

துடுப்புச் சத்தம் நின்றது.

பிறகு புகாருக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "வாறன்."

அவள் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு கண்களை மூடினாள். திறந்தபோது பச்சைக் கயாக் அவளுடைய முழங்காலில் வந்து முட்டியது. அவர் தனியாகத்தான் இருந்தார். குழந்தை மாதிரி விம்மி விம்மி அழுதுகொண்டிருந்தார்.

அவரை உயிரோடு கண்ட சந்தோசத்தில் அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. தோளைப் பிடித்து உலுக்கினாள். "தொண்டை கிழிய உங்கடை பேரைச் சொல்லிக் கூப்பிட்டனான்! ஏன் தூரப் போனியள்?"

"படகு கவிண்ட அண்டைக்கு இரவு நானும் இப்பிடித்தான் அந்தப் பேரைச் சொல்லிக் கத்தினனான். இப்பவும் ஆரோ கூப்பிடுகினம், அவன் இஞ்சை எங்கையோதான் கிடக்கிறானெண்டு தேடிப் போனனான்."

"ஆரைத் தேடி?"

"அண்ணனை, கரோலினா. அவன்ரை பாஸ்போட்டிலை வந்த லூர்து நான்."