பட்டியலில் உள்ள நாடுகள்

செஞ்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் கணினி மையத்தில், அம்மாவின் சேலையைப் பிடித்தபடி தர்ஷிகா திரையைப் பார்க்கிறாள். மலைப்பக்கமிருந்து சாய்ந்து வரும் நாலு மணி வெயில் திரையில் பட்டுக் கூசுகிறது. மாநில ஓட்டப் போட்டிக்குப் பெயர் பதிய இன்று ஐந்து மணிதான் கடைசி. பெயரும் வயதும் பள்ளியும் ஏறிவிட்டன. "எந்த நாடு பாப்பா?" என்கிறாள் மையத்து ஜெஸிமா. "செஞ்சி நாடு" என்கிறாள் தர்ஷிகா. பாடத்தில் அப்படித்தான் படித்திருக்கிறாள். பின்னால் நிற்கும் வேட்டிக்காரர் சிரிக்கிறார். "ராஜாவே செத்து முந்நூறு வருஷமாவுது, நீ இன்னும் அவுரு குடியா?" அம்மா சிரிக்கவில்லை. "இஞ்ச பெரியாஸ்பத்திரியிலதான் பிறந்தவள், தங்கச்சி. நான் மண்டபம் அகதி முகாமில பிறந்தனான். இவளின்ர அப்பாவும் அங்கதான்." "இங்க பொறந்தா மட்டும் பத்தாதாம்க்கா. அப்பா அம்மால ஒருத்தராச்சும் இந்தியரா இருக்கணுமாம். இலங்கைன்னு போட்டா அந்த ஊரு பாஸ்போர்ட் நம்பர் கேக்குது. காலியா உட்டா அடுத்த பக்கம் போவல." ஜெஸிமா மவுஸைத் தர்ஷிகாவிடம் நகர்த்துகிறாள். "நீயே பாரு, உனுக்கு எதுனா தோதா இருக்குதான்னு." நாடுகள் ஒவ்வொன்றாக மேலேறுகின்றன. அவள் உதடசைத்துப் படிக்கிறாள். இந்தியாவில் விரல் நிற்கிறது; அம்மாவைப் பார்க்கிறாள்; அம்மா தரையைப் பார்க்கிறாள். இலங்கையைத் தாண்டி, கேள்விப்படாத பெயர்களையெல்லாம் தாண்டி, ஜிம்பாப்வேயோடு பட்டியல் முடிகிறது. எதையோ விட்டுவிட்டோம் என்று நினைத்து, அவள் மறுபடி முதல் பெயரிலிருந்து படிக்கத் தொடங்குகிறாள்.