எங்க கம்பெனி

“தப்பா நினைக்காதீங்க சார். நீங்க வாங்கினது கார் இல்ல, ஸ்டிக்கர்” என்றார் பல் டாக்டர்.

அச்சகக்காரர் தன் காரின் கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்தவில்லை.

அந்தக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் இரண்டு பேருடைய கார்களும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. ஒரே உயரம், ஒரே கதவு, ஒரே விளக்கு. முன்னால் இருந்த கம்பெனிச் சின்னம் மட்டும் வேறு. டாக்டர் கார் வாங்கிய கம்பெனி உருவாக்கிய அந்த மாடலை, ஒப்பந்தம் போட்டு இன்னொரு கம்பெனியும் தன் பெயரில் விற்றது. அச்சகக்காரர் வாங்கியது அந்த இன்னொன்றை.

ஞாயிற்றுக்கிழமை என்றால் இருவரும் வாளியோடு இறங்கிவிடுவார்கள். வாளியில் தண்ணீர் தீர்ந்தாலும் பேச்சு தீராது.

“உள்ள எல்லாம் ஒண்ணுதானே டாக்டர்? அதே இன்ஜின், அதே டர்போ.”

“பெத்தது நாங்க. நீங்க பேர் வச்சதோட சரி. எங்க வண்டியில ரெண்டாவது கியர்ல டர்போ கிளம்பினா, முதுகு சீட்டோட ஒட்டிக்கும். உங்களுதுல ஒட்டுமா?”

“எனக்கு ஏற்கெனவே முதுகுவலி. ஒட்டாம இருந்தா நல்லதுதான்.”

டாக்டர் சிரிக்கவில்லை. கார் விஷயத்தில் அவர் சிரிப்பதில்லை.

அடுத்த வாரமே டாக்டரின் கார் ஏற்றத்தில் திணற ஆரம்பித்தது. தெருமுனை மெக்கானிக் பார்த்துவிட்டுச் சொன்னார்: “டர்போல இருந்து இன்ஜினுக்குக் காத்து போற ஹோஸ் கிழிஞ்சிருக்கு சார். உங்க கம்பெனியில கேட்டேன். கையிருப்பு இல்லையாம். எப்ப வரும்னு சொல்ல முடியாதுங்கறாங்க.”

டாக்டரின் முகம் வாடிப்போனது. பிரசவத்துக்கு வந்திருந்த மகளுக்கு மாதம் நிறைந்திருந்தது. பார்க்கிற ஆஸ்பத்திரியோ மலைக்கு அந்தப் பக்கம்.

விஷயம் தெரிந்ததும் அச்சகக்காரர் டாக்டர் வீட்டுக்குப் போனார்.

“என் வண்டிச் சாவியை வச்சுக்குங்க டாக்டர். எனக்கு பஸ் இருக்கு.”

டாக்டர் சாவியைப் பார்த்தார். “வேண்டாம் சார். நல்ல மனசோட குடுக்கறீங்க. ஆனா அந்த வண்டியை நம்பி என் பொண்ணை மலை ஏத்த மாட்டேன்.”

“அப்பா…” என்றாள் சோபாவில் சாய்ந்திருந்த மகள், தணிந்த குரலில். டாக்டர் திரும்பவில்லை.

அச்சகக்காரர் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். வீட்டில் அவர் மனைவி கேட்டுவிட்டுப் பொரிந்து தள்ளினாள். “உங்களுக்கு நல்லா வேணும். இனிமே அந்த வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தீங்க, தெரியும் சேதி.”

“சரி” என்றார் அவர்.

மறுநாள் சாயங்காலமே டாக்டரின் கார் சரியாகி வந்துவிட்டது. லிஃப்ட்டில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். “எப்ப வரும்னே தெரியாதுன்னாங்க. ஒரே நாள்ல ஹோஸ் வந்து இறங்கிடுச்சு. அதுதான் எங்க கம்பெனி.”

அன்றிலிருந்து அச்சகக்காரர் பஸ்ஸில் போக ஆரம்பித்தார்.

“நம்ம வண்டி எங்கே?” என்றாள் மனைவி.

“ஏதோ டர்போ கோளாறு. ஒர்க்‌ஷாப்ல விட்டிருக்கேன்.”

“வாய் கிழியப் பேசறாரே அந்த டாக்டர், அவர் சொல்றதும் சரிதான் போல” என்று முனகிக்கொண்டே அவள் உள்ளே போனாள்.

டாக்டரின் மகளுக்கு ஒரு விடியற்காலையில் வலி எடுத்தது. டாக்டரே ஓட்டினார். வளைவுக்கு வளைவு கார் சளைக்காமல் ஏறியது. ஆஸ்பத்திரியில் சேர்த்த கொஞ்ச நேரத்தில் பேத்தி பிறந்தாள். இன்னும் தாமதித்திருந்தால் சிக்கலாகியிருக்கும் என்றார்களாம்.

நாலைந்து நாள் கழித்து இனிப்புப் பெட்டியோடு டாக்டர் அச்சகக்காரர் வீட்டுக்கு வந்தார். பேத்தியின் மூக்கைப் பற்றிக் கொஞ்ச நேரம், காரைப் பற்றி அதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பேசினார்.

“உங்க வண்டி இன்னமும் வரலையா சார்? அன்னிக்கு உங்களுதை நம்பிக் கிளம்பியிருந்தா என் பொண்ணு கதி என்ன, சொல்லுங்க?”

“வாஸ்தவம்தான் டாக்டர். எங்க கம்பெனி கொஞ்சம் மெதுவு.”

டாக்டர் திருப்தியாகப் படியிறங்கிப் போனார். மனைவி இனிப்புப் பெட்டியை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

மெக்கானிக்கிடமிருந்து போன் வந்தது.

“சார், டாக்டர் வண்டிக்கு ஆர்டர் பண்ண ஹோஸ் இப்பத்தான் வந்து சேர்ந்துச்சு. உங்க வண்டியில மாட்டிடவா?”

அச்சகக்காரர் மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, போனோடு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினார்.

“மாட்டிடுப்பா. என்னுதைக் கழட்டி அவர் வண்டியில போட்டப்ப செஞ்ச மாதிரியே, ஹோஸ்ல இருக்கற கம்பெனி பேர் கீழ்ப்பக்கம் போயிடணும்.”