திலகமிட்ட தாய்

அவள் அந்த வரியை மறுபடி வாசித்தாள்.

'தாய் நெற்றியில் திலகமிட்டாள். மகள் சிரித்தபடி களம் புகுந்தாள்.'

வெளியீட்டு விழா. மேடையில் யாரோ பேசிக்கொண்டிருந்தார். மின்விசிறிக் காற்று அவள் மடியிலிருந்த புத்தகத்தைப் புரட்டப் பார்த்தது. விரலால் அழுத்திப் பிடித்தாள்.

ஊரின் பெயர் சரி. அவள் பெயர் சரி. மகள் பெயர் தர்மிகா, அதுவும் சரி. பதினேழு வயது மட்டும் பத்தொன்பதாகியிருந்தது.

திலகம்.

அன்றைக்கு வீட்டில் குங்குமம் என்று ஒன்று இருந்ததா என்பதுகூட அவளுக்கு நினைவில்லை. தர்மிகா நிலத்தில் புதைத்த பெரிய பிளாஸ்டிக் தண்ணீர்ப் பரலுக்குள் ஒளிந்திருந்தாள். மேலே பலகை. பலகைக்கு மேலே விறகு. சண்டைக்கு ஆள் பிடிக்க வந்த இயக்கத்துப் பெடியள் வளவுக்குள் நின்றபோது உள்ளே இருந்த பிள்ளை இருமிவிட்டது.

வெளியே எடுத்து இழுத்தார்கள். அவள் மகளின் காலைப் பிடித்துக்கொண்டாள். வாசல் படலை வரைக்கும் மண்ணில் இழுபட்டாள். துவக்குப் பிடியால் கையில் அடித்தார்கள். மணிக்கட்டு முறிந்த பிறகுதான் பிடி விட்டது.

மாதம் ஒன்றுகூட ஆகவில்லை. காயப்பட்டுக் கிடந்த மகளைக் கூடார ஆஸ்பத்திரி ஒன்றில் தேடிப் பிடித்தாள். தலைமாட்டில் இருந்து விசிறினாள். தண்ணீர் எடுக்கப் போனாள்.

ஆமி அடித்த ஷெல் அந்தக் கூடாரத்தின் மேலேதான் விழுந்தது.

பிறகு புத்தகம் எழுதவென்று கேட்க வந்தவர்களிடம் அவள் இரண்டையும் சொன்னாள். ஒன்றை விட்டுவிட்டு ஒன்றைச் சொன்னதில்லை.

முதலில் வந்தவர் கொழும்புக்காரர். ஆங்கிலத்தில் எழுதினார். புத்தகம் வந்ததும் தம்பியின் மகள் தமிழாக்கிச் சொன்னாள். பரல் இருந்தது. விறகு இருந்தது. முறிந்த மணிக்கட்டு இருந்தது. சாவுக்கு ஒரே வரி.

'மோதல்களுக்கிடையே சிறுமி உயிரிழந்தாள்.'

ஷெல் இல்லை. அடித்தவனும் இல்லை.

அன்று அவள் அடுப்பு மூட்டவில்லை. அந்தப் புத்தகத்தைக் கோழிக்கூட்டின் மேல் விட்டெறிந்தாள். மழையில் ஊதிப் பெருத்து அங்கேயே கிடந்தது.

பிறகுதான் அருள்நேசன் வந்தார். கனடாவிலிருந்து. அவர் எழுதும் போர் வரலாறுகள் அச்சான கையோடு விற்றுத் தீரும் என்றார்கள். நம்முடைய ஆள். அவள் மீன் குழம்பு வைத்துக் கொடுத்தாள்.

"நீங்களெண்டாலும் முழுக்க எழுதுவியளா தம்பி?"

தலையாட்டினார். பரலுக்குள் பிள்ளை இருமியதைச் சொன்னபோது தேம்பித் தேம்பி அழுதார். முகம் துடைக்கத் துவாய் கொடுத்தாள்.

அழுதவன் எழுதுவான் என்று நம்பினாள்.

இந்தப் புத்தகத்தில் ஷெல் இருந்தது. கூடாரம் இருந்தது. அடித்தவன் யாரென்று தடித்த எழுத்தில் இருந்தது.

பரலைக் காணவில்லை.

பிள்ளையை இரண்டாகப் பிளந்து ஆளுக்கொரு பாதியைக் கொண்டுபோயிருந்தார்கள்.

அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். வீரத்தாய் என்றார்கள். மண்டபம் கைதட்டியது.

மேடை ஏறினாள். அருள்நேசன் பொன்னாடையை விரித்துக்கொண்டு வந்தார். அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"ஆர் திலகம் வைச்சது?"

பக்கத்தில் மைக் இருந்தது. எல்லோருக்கும் கேட்டது.

அருள்நேசன் சிரிப்பைக் கலைக்காமல் அவள் பக்கம் குனிந்தார். "அம்மா, இதுகளை இப்ப எழுதினா சனம் தாங்காது. அரசாங்கத்துக்குத்தான் வாய்ப்பாப் போயிடும். கீழ போய்க் கதைப்பம், வாங்கோ."

"பெத்த நான் தாங்கிக்கொண்டுதானே இருக்கிறன். சனத்துக்கு என்ன வந்தது?"

அவர் அவள் தோளைத் தொட வந்தார். தட்டிவிட்டாள். பொன்னாடை கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

அவள் சபையைப் பார்த்துத் திரும்பினாள்.

"நான் என்ர பிள்ளையை அனுப்பேல்லை. ஒளிச்சு வைச்சனான். இழுத்துக்கொண்டு போனது எங்கட பெடியள். கொன்றது ஆமி. ரண்டும் நடந்தது." அருள்நேசன் பக்கம் திரும்பினாள். "ரண்டையும் எழுத ஏலாதெண்டா அவளின்ர பேரை வெட்டடா."

பின்வரிசையிலிருந்து ஒருவன் "துரோகி" என்று கத்தினான்.

மைக் செத்தது. யாரோ வயரைப் பிடுங்கிவிட்டார்கள்.

அவள் நிறுத்தவில்லை. பரலிலிருந்து தொடங்கினாள். தொண்டை கிழியச் சொன்னாள்.

கதிரைகள் பின்னுக்குப் போகும் சத்தம். ஆட்கள் எழுந்தார்கள். சிலர் அவளைப் பார்க்காமல் போனார்கள். சிலர் பார்த்து முறைத்துவிட்டுப் போனார்கள். அருள்நேசனை நாலைந்து பேர் சூழ்ந்து வெளியே கூட்டிச் சென்றார்கள். மண்டபம் பாதிக்கு மேல் காலியானது.

நடுவில் இருந்த ஒரு பெண்ணும் எழுந்தாள். அவள் வயதுதான் இருக்கும். இவளும் போகிறாள் என்று நினைத்தாள்.

அந்தப் பெண் தன் கதிரையை இழுத்துக்கொண்டு முன்னுக்கு வந்தாள். மேடைக்குக் கீழே போட்டு உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு எந்த ஊர் எண்டு சொன்னனீங்கள் அக்கா?"

அவள் மறுபடி சொன்னாள்.



"என்ர மகனை இயக்கம் அந்தப் பக்கம்தான் ஆள் பிடிக்க விட்டிருந்தது."

அந்தப் பெண் கதிரையை மேடைக்கு இன்னும் கிட்ட இழுத்தாள்.

"சொல்லுங்கோ அக்கா. முழுக்கச் சொல்லுங்கோ."

அவள் மேடையிலிருந்து இறங்கினாள். ஒரு கதிரையை இழுத்து அந்தப் பெண்ணுக்கு நேர் எதிரே போட்டாள்.

குரலைத் தணிக்கவில்லை.