எண்ணூறுக்குக் கீழே

"ஆயிரத்து அறுநூறு காட்டுதுங்க. இதுல யாரு தூங்குவா?"

விடிந்ததும் விடியாததுமாக வீடு பார்க்க வந்தவர், உள்ளங்கையளவு கருவி ஒன்றைப் படுக்கையறை நடுவில் நீட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். பிளைவுட் வியாபாரத்தில் முப்பது வருடம் பேரம் பேசித் தேறியவர். வாயோடு வருகிறவனைச் சமாளிப்பார். அளவுகோலோடு வருகிறவனிடம்தான் அவர் பாச்சா பலிக்காது.

"என்ன தம்பி, வாடகையையா காட்டுது?"

"அடைச்ச காத்தைக் காட்டுதுங்க. ராத்திரி விட்ட மூச்செல்லாம் உள்ளேயே நிக்குது. எண்ணூறுக்குக் கீழே இருக்கணும். ஜன்னலை ஏன் ஆணியடிச்சு வெச்சிருக்கீங்க?"

"கீல் உடைஞ்சிருக்கு. குடியிருக்கிறவங்க சொன்னாத்தானே தெரியும்."

"ரெண்டு வருஷமா சொல்றேன்," என்றாள் துணி மடித்துக்கொண்டிருந்த குடித்தனக்காரி. "புள்ளை விடிய விடிய இருமுதுன்னும் சொன்னேன். 'பிடிக்கலேன்னா காலி பண்ணு, ஆள் வரிசையில நிக்குது'ன்னீங்க. சரி, ஆள் வந்ததும் போறேன்னுட்டேன்."

இந்த வாய்தான் வீட்டுக்காரருக்கு ஆகாது. வரிசை என்று வீறாப்பாகச் சொன்னாரே தவிர, மூன்று மாதத்தில் வந்த முதல் ஆள் இவர்தான். இவரும் நழுவினால் இவளிடமே போய், "இரும்மா தாயே" என்று இளிக்க வேண்டும்.

வந்தவர் குளியலறைச் சுவரைச் சுரண்டினார். கரும்பூஞ்சை நகத்தோடு வந்தது. அடுக்களையில் புகை போகும் விசிறிக்கான ஓட்டையில் அட்டை அடைத்திருந்தது.

"வாடகைக்கு நான் பேரம் பேசலைங்க. காத்துதான் முக்கியம்."

வாடகைக்குப் பேரம் பேசாத மனிதரை வீட்டுக்காரர் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. நாக்கு தானாக இனித்தது.

"பத்து நாள் குடுங்க தம்பி. வீட்டை மலையுச்சி ஆக்கிக் காட்டறேன்."

அன்றைக்கே தச்சர் வந்து ஜன்னலுக்குப் புதுக் கீலும் கொசுவலையும் போட்டார். ஒழுகிய குழாய் மாறியது. பூஞ்சையைச் சுரண்டி, சுவரைக் காயவிட்டுப் பூசினார்கள். அடுக்களையிலும் குளியலறையிலும் விசிறிகள் சுழன்றன. வீட்டுக்காரர் தானும் ஒரு கருவி வாங்கி, தினமும் காலையில் வைத்தியர் நாடி பிடிப்பதுபோல் வந்து பார்த்தார்.

"எனக்குச் செய்யாததை எல்லாம் வரப்போற மகராசனுக்குச் செய்யறீங்க," என்றாள் அவள்.

"அவர் தரம் தெரிஞ்ச மனுஷன்மா. உனக்கு என்ன தெரியும்?"

பத்தாம் நாள் காலை. அவள் பிள்ளை அப்போதுதான் எழுந்து போன படுக்கையறையில் கருவி அறுநூற்று ஐம்பது காட்டியது. வீட்டுக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. அங்கேயே நின்று ஃபோன் போட்டார்.

"தம்பி, அறுநூத்தம்பது. சாவி வாங்க எப்ப வர்றீங்க?"

"ரொம்ப சந்தோஷங்க. சாவி இருக்கிற இடத்துலேயே இருக்கட்டும்," என்றது மறுமுனை. "ஃபோனைக் கொஞ்சம் எங்க அக்காகிட்ட குடுங்க, என் மருமகன் ராத்திரி இருமாம தூங்கினானான்னு கேக்கணும்."