மஞ்சள் தாள்

என் பிழைப்பில் மண்ணைப் போட என் மனைவியே பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தாள்.

அறுவைச் சிகிச்சை முடிந்து ஏழு மாதம். புற்றுநோய் என்று இரைப்பையை முழுதாக எடுத்துவிட்டார்கள். வயிற்றெரிச்சல் மட்டும் போகவில்லை. இன்று டாக்டர் கையெழுத்துப் போட்டால் திங்கட்கிழமை முதல் நான் மறுபடி பஸ் கண்டக்டர். முன்பு என் தொப்பையைப் பார்த்தே கூட்டம் வழிவிடும். இப்போது நான் நடுவில் புகுந்து போனாலும் யாருக்கும் தெரியாது.

டாக்டரைப் பார்க்கும் முன் நர்ஸ் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். என் வெள்ளைத் தாளில் வலியா, வாந்தியா, மயக்கமா என்று இருபது கேள்விகள். எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் அடித்தேன். 'சில்லறை இல்லை' என்று இருபது வருடம் சொன்னவனுக்கு இதெல்லாம் ஒரு பொய்யா?

மனைவிக்கு மஞ்சள் தாள். நோயாளி புளுகுவான் என்று தெரிந்துதான் வீட்டுக்காரியையும் சாட்சிக்கு இழுக்கிறார்கள் போலிருக்கிறது. எட்டிப் பார்த்தேன். 'தூக்கம்: அடிக்கடி விழிப்பு.'

"என்ன இப்படி எழுதுற? என் குறட்டை உனக்குக் கேக்கறதில்லையா?"

"தினமும் கேட்டுட்டுதான் இருக்கேன்," என்று தாளைக் கையால் மறைத்தாள்.

விரலிடுக்கில் மீதியும் தெரிந்தது. 'சாப்பாடு: இறங்குவதில்லை.' 'பயம்: எப்போதும்.' 'எடை: ஏழு கிலோ குறைவு.' நான் இளைத்தது பதினெட்டு கிலோ. அதில் மட்டும் புண்ணியவதி கருணை காட்டியிருந்தாள்.

"ஒரு நாளைக்கு ஆறு வேளை கொட்டிக்கிறேன். இறங்கலையாம்."

"ஆறு வேளையும் செஞ்சு போடறது நான்தானே, எனக்குத் தெரியாதா? நீங்க சும்மா இருங்க."

இதைப் பார்த்து டாக்டர் லீவை நீட்டி, இன்னும் மூன்று மாதம் வீட்டில் அடைந்து கிடந்தால் எனக்குப் பைத்தியமே பிடித்துவிடும். அந்தப் பயத்தில் தாளைப் பிடுங்கிக்கொண்டு நர்ஸிடம் ஓடினேன். ஓடினேன் என்பது ஒரு மரியாதைக்கு. சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன்.

"சிஸ்டர், இவ எழுதினது ஒண்ணுகூட நிஜமில்ல. நான் நல்லா தூங்குறேன், நல்லா சாப்பிடுறேன், எனக்கு ஒரு பயமும் கிடையாது. எல்லாத்தையும் அடிச்சிட்டு 'இல்லை'ன்னு போடுங்க."

நர்ஸ் தாளைப் படித்துவிட்டு, எனக்குப் பின்னால் வந்து நின்ற அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சார், மஞ்சத் தாள்ல கேட்டிருக்கறது அவங்களப் பத்தி."