இலவச மாடியில் ஒரு பெண் பார்த்தல்

கல்யாணத் தரகர் தந்த தாளில் மினோரியின் வேலை ‘கம்பெனி ஊழியர்’ என்று மட்டுமே இருந்தது. அவளுடனான முதல் சந்திப்புக்கு, டோக்கியோ நகர அரசு அலுவலகத்தின் நாற்பத்தைந்தாவது மாடிக்கு, ஊரையே சுற்றிப் பார்க்கும் தளத்துக்கு, அவளை அழைத்துப் போனான் கோசுகே. அங்கே நுழைவுக் கட்டணம் கிடையாது.

“அந்தப் பெரிய கோபுரத்துக்குக் கூட்டிட்டுப் போவீங்கன்னு அம்மா சொன்னாங்க,” என்றாள் மினோரி, கண்ணாடிக்கு அப்பால் தூரத்தில் தெரிந்த நகரத்தின் உயரமான கோபுரத்தைக் காட்டி.

“அங்க ஏற ஆளுக்கு மூவாயிரம் யென். இங்கேருந்து பாத்தா அந்தக் கோபுரமே சும்மா தெரியுது,” என்றான் கோசுகே. சொன்ன பிறகுதான், கஞ்சன் என்று நினைத்து இவளும் வேண்டாமென்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தான்.

மினோரி தூரத்துக் கோபுரத்தையே வெகுநேரம் பார்த்தாள்.

“அடுத்த ஞாயித்துக்கிழமையும் சந்திக்கலாமா?” என்றாள்.

அவனால் நம்ப முடியவில்லை. “கோபம் இல்லையா?”

“அந்தக் கோபுரத்துல லிஃப்ட் ஓட்டுறதுதான் என் வேலை. இதுவரைக்கும் நாலு பேர் பொண்ணு பாக்க வந்தாங்க. லீவு நாள்ல என்னை வேலைக்குக் கூட்டிட்டுப் போகாத ஆள் நீங்க ஒருத்தர்தான்.”