மூன்று பேர் சொன்ன கம்பு

வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கிறேன், ஆனால் இப்போது இல்லை. முதலில் சுண்டெலி வேலம்மாவுக்கு ஒரு பதில் வேண்டும். அவள் ஆறு குட்டி போட்டு மூன்று நாள்தான் ஆகிறது.

“அண்ணே, மழை முடியிற வரைக்கும் உங்க கடையில கம்பு கிடைக்குமா? இல்லேன்னா இப்பவே குட்டிகளைத் தூக்கிட்டு ஆத்துக்கு அந்தப் பக்கம் போயிடுவேன்.”

கடைக்காரப் பெருச்சாளி சடையப்பனுக்கு மனசு இளகியது. உடம்பு பெருத்ததிலிருந்து அவர் கடைக்குக் கீழே கம்பு கொட்டி வைக்கும் களஞ்சியத்துக்குள் இறங்கியதே இல்லை. பச்சைக் குட்டிகள் விஷயமாச்சே என்று பல்லியை விசாரித்தார்.

“நிறைஞ்சு கிடக்காம். அணில் சொன்னான்.”

அணிலைக் கேட்டார். “ரொம்பி வழியுதாம் மாமா! மைனாதான் சொன்னா.”

“பாத்தியா தாயி, எல்லாரும் ஒண்ணாச் சொல்றாங்க!” என்றவர், மைனாவையும் கூப்பிட்டார். “உனக்கு யாருடி சொன்னது?”

மைனா தொண்டையைச் செருமிக்கொண்டு, சொன்னவர் குரலிலேயே கரகரவென்று இழுத்தாள்: “க்கும்... நம்ம களஞ்சியமா? நிறைஞ்சுதான் கிடக்கும், போடி!”

வேலம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சடையப்பனும் தொப்பை ஆட ஆடச் சிரித்தார். “யாருடி அந்தக் கரகரத் தொண்டை? எங்கேயோ கேட்ட குரலா...”

சிரிப்பு பாதியில் நின்றது.

“அடியே, அது நான்தானே! தாயி, கொஞ்சம் இரு. உள்ளே இறங்கிப் பாத்துட்டு வந்திடறேன்.”